தண்ணீரில் கலந்த விஷம் எங்கே போகிறது? - நானோ துகள்களின் ஒரு குட்டி வரலாறு

இந்த முறை கொஞ்சம் வேதியியல், நிறைய வரலாறு. கெமிஸ்ட்ரி என்றதும் ஓடிவிடாதீர்கள், சமன்பாடு ஒன்றுகூட கிடையாது :)

ஒரு கேள்வியோடு ஆரம்பிப்போம். ஒரு குடம் தண்ணீரில் துளியூண்டு பூச்சிமருந்து கலந்திருக்கிறது. அதில் ஒரு பொடியைப் போட்டுக் கலக்கி, வடிகட்டி, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறோம். "பூச்சிமருந்து இல்லை" என்று ரிப்போர்ட் வருகிறது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அந்த மருந்து எங்கே போனது?

மூன்று பதில்கள் இருக்க முடியும். ஒன்று, அது உடைந்து வேறு பொருளாக மாறியிருக்கலாம். இரண்டு, பொடியின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கலாம். மூன்று, பொடியின் முதுகில் ஏறிக்கொண்டு வடிகட்டியையும் தாண்டி வேறு எங்கோ பயணம் போயிருக்கலாம். உடைதல், ஒட்டுதல், ஏறிப்போதல். இந்த மூன்று வார்த்தைகளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் நானோ துகளும் கரிம மாசும் சந்தித்தால் நடப்பது இந்த மூன்றில் ஒன்றுதான். மனிதர்கள் இதை ஒரே நாளில் தெரிந்துகொள்ளவில்லை. ஒவ்வொரு பதிலும் ஒவ்வொரு இடத்தில், பெரும்பாலும் வேறு எதையோ தேடும்போது கிடைத்தது. அந்தக் கதைதான் இது.

(கரிம மாசு என்றால் கார்பனை அடிப்படையாகக் கொண்ட மாசுப் பொருள்கள். பூச்சிமருந்து, சாயம், டிரை க்ளீனிங் திரவம், பெட்ரோலியக் கழிவு எல்லாம் இதில் அடக்கம்.)

ஃபாரடேயின் சிவப்புத் தங்கம்

மைக்கேல் ஃபாரடே என்றால் நமக்கு மின்சாரமும் காந்தமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1857-இல் அவர் லண்டனில் தங்கத்தைப் பற்றி ஒரு உரை நிகழ்த்தினார். தங்க உப்புக் கரைசலைப் பாஸ்பரஸ் கொண்டு மாற்றியபோது அவருக்குக் கிடைத்தது மஞ்சள் தங்கம் இல்லை, மாணிக்கம் போலச் சிவந்த ஒரு திரவம். அதற்குள் தங்கம்தான் இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னத் துகள்களாக இருக்கிறது என்று ஃபாரடே புரிந்துகொண்டார். இன்னொன்றையும் கவனித்தார். அந்தச் சிவப்புத் திரவத்தில் கொஞ்சம் உப்பைச் சேர்த்தால் நிறம் நீலமாக மாறிவிடுகிறது. துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கிக் கூட்டம் சேர்வதுதான் காரணம் என்று நாம் இன்றைக்குச் சொல்கிறோம். அவர் தயாரித்த சிவப்புத் திரவங்களில் சில இன்னமும் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் பத்திரமாக இருக்கின்றன. இந்தச் சிவப்பு - நீலம் விஷயத்தை மறந்துவிடாதீர்கள், கதையில் பின்னால் மறுபடி வரும்.

சின்னதாக இருப்பதில் அப்படி என்ன விசேஷம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சென்டிமீட்டர் பக்கம் உள்ள கனசதுரக் கட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர், ஒரு தபால் தலை அளவு. அதே கட்டியை 10 நானோமீட்டர் பக்கம் உள்ள குட்டிக் கட்டிகளாக வெட்டினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர் ஆகிவிடும். நம்ம ஊர் கணக்கில் ஏறக்குறைய 2.7 கிரவுண்டு நிலம்! பொருள் ஒரு துளிகூடக் கூடவில்லை, ஆனால் மற்ற மூலக்கூறுகள் வந்து உட்கார இடம் பத்து லட்சம் மடங்காகக் கூடிவிடுகிறது. நானோ துகளின் வேலை எல்லாமே இந்த மேற்பரப்பில்தான் நடக்கிறது.

தண்ணீரைப் பிடிக்காத மூலக்கூறுகள்

இப்போது விஷத்தின் பக்கம் வருவோம். 1939-இல் சுவிட்சர்லாந்தின் பால் முல்லர், டி.டி.டி. பூச்சிகளைக் கொல்லும் என்று கண்டுபிடித்தார். 1948-இல் அதற்காக நோபல் பரிசும் கிடைத்தது. 1962-இல் ரேச்சல் கார்சனின் 'சைலன்ட் ஸ்ப்ரிங்' வந்த பிறகுதான் அந்த மருந்து தெளித்த இடத்தோடு நிற்பதில்லை, மீனுக்கும் பறவைக்கும் போய்ச் சேர்கிறது என்பது பொதுமக்களுக்குப் புரிந்தது.

டி.டி.டி. போன்ற குளோரின் ஏற்றிய கரிமப் பொருள்களுக்குத் தண்ணீரைப் பிடிக்காது. ஒரு லிட்டர் தண்ணீரில் டி.டி.டி. சில மைக்ரோகிராம்தான் கரையும். பிடிக்காத வீட்டில் இருக்கும் விருந்தாளி மாதிரி, எப்போது வெளியே போகலாம் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். கொழுப்பு கிடைத்தால் அதில் குடியேறும், சேறு கிடைத்தால் அதில் ஒட்டும், மிதக்கும் துகள் கிடைத்தால் அதன்மேல் ஏறும். உடைவது மட்டும் அவ்வளவு சுலபத்தில் நடக்காது, ஏனென்றால் கார்பனும் குளோரினும் கைகோத்திருக்கும் பிணைப்பு பலமானது.

இதே குடும்பத்தில் டிரைகுளோரோஎத்திலீன் என்று ஒன்று உண்டு. இயந்திர பாகங்களில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க உலகம் முழுக்கத் தொழிற்சாலைகள் பயன்படுத்திய திரவம். தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது என்பதால், தரையில் கொட்டினால் நிலத்தடி நீரைத் தாண்டி அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அங்கிருந்து வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கொண்டே இருக்கும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வோபர்ன் என்ற ஊரில், ஊருக்குத் தண்ணீர் கொடுத்த இரண்டு கிணறுகளை 1979-இல் மூடினார்கள். தண்ணீரில் இந்தத் திரவமும் இதன் உறவுக்காரப் பொருள்களும் இருந்தன. அந்த ஊரில் குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வழக்கத்துக்கு மீறி வந்திருந்தது. பெற்றோர்கள் நீதிமன்றம் போனார்கள், 1986-இல் விசாரணை நடந்தது. 1998-இல் ஜான் டிரவோல்டா நடித்து வந்த 'எ சிவில் ஆக்‌ஷன்' இந்த வழக்கைப் பற்றிய படம்தான்.

இப்படிக் கெட்டுப்போன நிலத்தடி நீரை எப்படிச் சுத்தம் செய்வது? அன்றைக்கு இருந்த வழி, தண்ணீரை மோட்டார் வைத்து மேலே இறைத்து, அதில் காற்றை ஊதி, ஆவியாகும் விஷத்தை வெளியேற்றுவது. இல்லையென்றால் கரிப்படுகையில் ஓடவிட்டுப் பிடிப்பது. நம் கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள். முதல் வழியில் விஷம் காற்றுக்குப் போனது, இரண்டாவதில் கரிக்குப் போனது. தண்ணீர் சுத்தமானது உண்மை, விஷம் அழியவில்லை என்பதும் உண்மை.

குழாய் சொன்ன செய்தி

உடைக்கும் வழி கிடைத்தது ஒரு சுவாரஸ்யமான இடத்தில். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கில்ஹாமும் அவரோடு வேலை செய்தவர்களும் நிலத்தடி நீரின் மாதிரியை எடுக்க எந்தக் குழாய் நல்லது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். குழாயே மாதிரியைக் கெடுத்துவிட்டால் அளவு தப்பாகிவிடுமே, அதற்காக. 1990-இல் வெளியான அவர்களுடைய கட்டுரையைப் பார்த்தால் இரண்டு விதமான தொந்தரவு இருந்தது. பிளாஸ்டிக் குழாய்கள் விஷத்தை உறிஞ்சிக்கொண்டன. உலோகங்களோடு வைத்தபோதும் சில குளோரின் சேர்மங்கள் குறைந்தன. ஆனால் அங்கே உறிஞ்சல் இல்லை, அந்த மூலக்கூறுகளே மாறிக்கொண்டிருந்தன.

குழாய் ஆராய்ச்சிக்கு இது தலைவலி. ஆனால் சுத்தம் செய்ய நினைப்பவருக்கு இது பொக்கிஷம். கில்ஹாம் அதைப் பிடித்துக்கொண்டார். இரும்பு துருப்பிடிக்கும்போது எலக்ட்ரான்களை விட்டுக்கொடுக்கிறது. பக்கத்தில் குளோரின் ஏற்றிய மூலக்கூறு இருந்தால் அந்த எலக்ட்ரான்கள் அதற்குப் போகின்றன. குளோரின், சாதாரண உப்பில் இருக்கும் குளோரைடாக மாறிக் கழன்று விழுகிறது. மிஞ்சுவது எத்திலீன், ஈத்தேன் மாதிரியான எளிய வாயுக்கள். துரு பிடிப்பது நமக்கு நஷ்டம் என்றுதான் நினைத்திருந்தோம், அது இங்கே மருந்தாகிறது!

சரியாகச் சொன்னால் இந்த யோசனை முழுக்கப் புதிது இல்லை. ஸ்வீனி, ஃபிஷர் என்ற இருவர் உலோகப் பொடியால் பூச்சிமருந்தை உடைக்கலாம் என்று 1972-லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். ஆனால் நிலத்தடி நீருக்கு அது வந்து சேர ஏறக்குறைய இருபது வருஷம் பிடித்தது.

1991-இல் ஒன்டாரியோவின் போர்டன் என்ற இடத்தில் மண்ணுக்குள் இரும்புத் துருவலும் மணலும் கலந்து ஒரு சுவர் கட்டினார்கள். தண்ணீர் உள்ளே புகுந்து போகிற மாதிரியான சுவர். அதைத் தாண்டிப் போன தண்ணீரில் டிரைகுளோரோஎத்திலீன் சுமார் 90 சதவீதம் குறைந்திருந்தது. மோட்டார் இல்லை, கரண்ட் பில் இல்லை, தண்ணீர் தன் பாட்டுக்கு நடந்துபோகும் வழியிலேயே வேலை முடிந்துவிட்டது.

இரும்பு சின்னதானபோது

சுவர் கட்ட வேண்டுமென்றால் பள்ளம் தோண்ட வேண்டும். விஷம் மிக ஆழத்தில் இருந்தால்? மேலே கட்டடம் இருந்தால்? அப்போதுதான் ஃபாரடே பக்கக் கதையும் கில்ஹாம் பக்கக் கதையும் ஒன்று சேர்கின்றன. 1997-இல் அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் வாங், ஜாங் என்ற இருவர் இரும்பை 100 நானோமீட்டருக்கும் குறைந்த துகள்களாகத் தயாரித்தார்கள். கடையில் கிடைக்கும் நைசான இரும்புப் பொடியில் ஒரு கிராமுக்கு மேற்பரப்பு 0.9 சதுர மீட்டர். இவர்கள் செய்ததில் 33.5 சதுர மீட்டர். அதற்கேற்ற மாதிரி வேகமும் கூடியது.

வேகத்தைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. டிரைகுளோரோஎத்திலீன் அரைகுறையாக உடைந்தால் வினைல் குளோரைடு உண்டாகலாம். மண்ணில் இருக்கும் சில பாக்டீரியாக்கள் இப்படிப் பாதியில் நிறுத்திவிடுவதும் உண்டு. வினைல் குளோரைடு புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியாக நிரூபிக்கப்பட்ட பொருள். "முதலில் இருந்த விஷம் போய்விட்டது" என்று ரிப்போர்ட் சொல்லும்போது அதன் இடத்தில் இன்னொரு மோசமான விஷம் உட்கார்ந்திருக்கலாம். அதனால் 'உடைந்தது' என்ற பதில் மட்டும் போதாது, 'என்னவாக உடைந்தது' என்றும் கேட்க வேண்டும்.

2001-இல் எலியட்டும் ஜாங்கும் களச் சோதனை முடிவை வெளியிட்டார்கள். நியூ ஜெர்சியின் டிரென்டன் நகரில் ஒரு தொழிற்சாலை வளாகத்தின் அடியில் 1.7 கிலோ நானோ துகள்களைத் தண்ணீரில் கலந்து செலுத்தினார்கள். நான்கு வாரக் கண்காணிப்பில் டிரைகுளோரோஎத்திலீன் அதிகபட்சம் 96 சதவீதம் வரை குறைந்தது. கையில் தூக்கிக்கொண்டு போகிற எடை!

ஆனால் மண் ஆய்வுக்கூடக் கண்ணாடிக் குடுவை இல்லை. இரும்புத் துகள்கள் காந்தம் மாதிரி ஒன்றையொன்று இழுத்துக் கட்டியாகிவிடும், செலுத்திய இடத்திலிருந்து அதிக தூரம் போகாது. மேலே துரு படிந்தால் வேலையும் நின்றுவிடும். கட்டியாகாமல் இருக்கப் பாலிமர் பூச்சு கொடுத்தால் தூரம் போகும். ஆனால் தூரம் போக ஆரம்பித்தால் எங்கே நிற்கும் என்ற அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வருவோம்.

வெளிச்சம் போட்டால் எரியும் வெள்ளைப் பொடி

இரும்பு எலக்ட்ரானைக் கொடுத்து உடைக்கிறது என்றால், எலக்ட்ரானைப் பிடுங்கி உடைக்கும் இன்னொரு பொடியும் இருக்கிறது. டைட்டானியம் டை ஆக்ஸைடு. பெயின்டுக்கு வெள்ளை நிறம் கொடுப்பது இதுதான். 1972-இல் ஜப்பானில் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் இதன்மேல் ஒளி பட்டால் தண்ணீரே பிரிகிறது என்று காட்டினார்கள். 1976-இல் கனடாவில் கேரி என்பவரின் குழு, இந்தப் பொடியைக் கலந்த தண்ணீரில் புற ஊதா ஒளியைச் செலுத்தி பி.சி.பி. என்ற பிடிவாதமான குளோரின் சேர்மத்திலிருந்து குளோரினைக் கழற்றியது. ஒளி பட்டதும் பொடியின் மேற்பரப்பில் ஹைட்ராக்ஸில் ரேடிக்கல் என்ற மகா கோபக்கார மூலக்கூறு பிறக்கிறது, அது கிடைத்ததையெல்லாம் கிழிக்கிறது.

கிடைத்ததையெல்லாம் என்பதுதான் சிக்கலும். ஆற்றுத் தண்ணீரில் விஷம் கொஞ்சம்தான், மக்கிய இலைதழைச் சாறு ஏராளம். கோபத்தில் பாதி இலைச்சாற்றிடமே செலவாகிவிடும். புற ஊதா ஒளியும் கலங்கல் தண்ணீருக்குள் ரொம்ப தூரம் போகாது. சுத்தமான தண்ணீரில் பிரமாதமாக வேலை செய்கிற பொடி ஏரித் தண்ணீரில் திணறுவது இதனால்தான்.

2003: விஷயம் நம் வீட்டுக்கு வந்தது

இதுவரை எல்லாம் வெளிநாட்டுக் கதை. இனி நம் ஊர்.

2003 பிப்ரவரியில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் பாட்டில் தண்ணீரில் பூச்சிமருந்து இருப்பதாக அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் 12 குளிர்பானங்களிலும் இருப்பதாகச் சொன்னது. நாடு முழுக்கப் பரபரப்பு. நாடாளுமன்றக் கூட்டுக் குழு அமைக்கப்பட்டது, 2004 பிப்ரவரியில் அந்தக் குழுவும் குளிர்பானங்களில் பூச்சிமருந்து எச்சம் இருந்ததை உறுதி செய்தது. பாட்டிலுக்குள் விஷம் எப்படி வந்தது? முக்கியமான வழி தண்ணீர். வயலில் தெளித்தது மண்ணில் இறங்கி நிலத்தடி நீருக்குப் போயிருந்தது.

அதற்கு முன்பே நம் பக்கத்து மாநிலத்தில் பெரிய துயரம் நடந்துகொண்டிருந்தது. கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்களுக்கு ஹெலிகாப்டர் மூலம் எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை இது நடந்தது. மலைச்சரிவில் தெளித்த மருந்து கீழே இருந்த ஓடைகளுக்கும் கிணறுகளுக்கும் போனது. அந்த ஊர்களில் குழந்தைகளுக்கு வந்த உடல் குறைபாடுகளையும் நரம்பு நோய்களையும் பற்றிப் பத்திரிகைகளில் நிறையப் படித்திருப்பீர்கள். 2011-இல் உச்ச நீதிமன்றம் எண்டோசல்ஃபானுக்குத் தடை போட்டது, அதே ஆண்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலிலும் அது சேர்ந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி 2017-இல் உச்ச நீதிமன்றம் கேரள அரசுக்கு உத்தரவிட்டது.

இந்தக் காலகட்டத்தில்தான் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி. பிரதீப், அ. ஸ்ரீகுமாரன் நாயர் ஆகியோர் தங்கம், வெள்ளி நானோ துகள்களோடு குளோரின் சேர்மங்கள் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2003-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், கார்பன் டெட்ராகுளோரைடு இந்தத் துகள்களின் மேல் உடைந்து உலோகக் குளோரைடாகவும் வெறும் கரியாகவும் மாறியது. அதே ஆண்டு எண்டோசல்ஃபான் பற்றியும் எழுதினார்கள். சிவப்பாக இருந்த தங்கத் துகள் கரைசல் எண்டோசல்ஃபான் சேர்ந்ததும் நீலமானது. ஃபாரடே உப்புப் போட்டுப் பார்த்த அதே நிற மாற்றம்! 146 வருஷம் கழித்து அது விஷத்தைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாகிவிட்டது.

குளோர்பைரிஃபாஸ், மாலதியான் போன்ற மருந்துகளையும் இந்தத் துகள்கள் பிடித்தன. வெள்ளித் துகள்களை அலுமினாவின் மேல் பதித்து வடிகட்டியாக்கினார்கள். அலுமினாவில் பதித்ததால் துகள் தண்ணீரோடு ஓடிப்போகாது. 2007-இல் யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனம் இந்தத் தொழில்நுட்பத்தோடு வீட்டு வடிகட்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. சென்னையில் பிறந்த ஒரு ஆய்வு சமையலறைச் சுவருக்கு வந்துவிட்டது. பிரதீப்புக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

நான் இந்தக் கதையில் ரொம்ப மதிக்கிற இடம் இதற்குப் பிறகு வருகிறது. வடிகட்டி விற்பனைக்கு வந்தாயிற்று என்று அவர்கள் விட்டுவிடவில்லை. 2012-இல் பூட்டராஜு, பிரதீப் இருவரும் குளோர்பைரிஃபாஸ் இந்தத் துகள்களின் மேல் என்ன ஆகிறது என்று படிப்படியாகத் தேடிப் பார்த்து எழுதினார்கள். அது இரண்டாக உடைகிறது. அதில் ஒரு துண்டு டிரைகுளோரோபிரிடினால் என்ற பொருள். குளோர்பைரிஃபாஸ் இயற்கையில் சிதையும்போதும் வருவது இதுதான். இதில் மூன்று குளோரினும் அப்படியே இருக்கிறது. அதாவது கார்பன் டெட்ராகுளோரைடு கரியாக முடிந்தது, குளோர்பைரிஃபாஸ் அப்படி முடியவில்லை. ஒரே உலோகம், ஆனால் மூலக்கூறுக்கு மூலக்கூறு பதில் வேறு. 'எங்கே போகிறது' என்ற கேள்வியை ஒவ்வொரு விஷத்துக்கும் தனித்தனியாகக் கேட்டே ஆக வேண்டும்.

மூன்றாவது பதில்: முதுகில் ஏறிய விஷம்

இனி ஏறிப்போகும் கதை. இது நானோ பொருள்களுக்கு முன்பே தெரிந்த சங்கதி. களிமண், மக்கிய இலைச்சாறு இவற்றின் மிகச் சிறிய துகள்கள் எல்லா நிலத்தடி நீரிலும் உண்டு. மண்ணில் ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட வேண்டிய விஷம், இந்தத் துகள்களின் மேல் ஏறி எதிர்பார்த்ததைவிடத் தூரம் போக முடியும் என்று 1989-இல் மெக்கார்த்தியும் ஸகாராவும் விளக்கி எழுதினார்கள். அப்படியானால் நாமே செய்து போடும் துகள்களும் இதே வேலையைச் செய்யாதா?

2004-இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஈவா ஓபர்டார்ஸ்டர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், கால்பந்து வடிவத்தில் 60 கார்பன் அணுக்கள் சேர்ந்த ஃபுல்லரீன் துகள்களைத் தண்ணீரில் போட்டு மீன்களை 48 மணி நேரம் வைத்தார். மீன்களின் மூளையில் கொழுப்புச் சேதம் தெரிந்தது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. அதே ஆண்டு ஜூலையில் லண்டன் ராயல் சொசைட்டியும் ராயல் பொறியியல் அகாடமியும் ஒரு அறிக்கை வெளியிட்டன. நன்மை ஆபத்தைவிட அதிகம் என்று நிரூபிக்கும் வரை, சுத்திகரிப்புக்காகத் தனித் துகள்களை மண்ணிலோ நீரிலோ விடக் கூடாது என்பது அதில் ஒரு பரிந்துரை.

மீன் கதைக்கு 2007-இல் ஒரு திருப்பம் வந்தது. ஃபுல்லரீனைத் தண்ணீரில் பரப்புவதற்கு டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரிமக் கரைப்பானைப் பயன்படுத்துவது அப்போதைய வழக்கம். ஹென்றி என்பவரின் குழு வரிக்குதிரை மீன் குஞ்சுகளில் சோதித்தபோது, விஷத்தன்மைக்குக் காரணம் ஃபுல்லரீன் இல்லை, அந்தக் கரைப்பான் சிதைந்து உண்டான பொருள்கள் என்று தெரிந்தது. பழி துகள்மேல் விழுந்தது, குற்றவாளி அதோடு கூட வந்த கரிமப் பொருள். துகளை மட்டும் தனியாகப் பார்த்தால் புரியாது, துகளும் மாசும் சேர்ந்த ஜோடியைத்தான் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

2008-இல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பௌன் குழு அந்த ஜோடியையே நேராகச் சோதித்தது. ஃபுல்லரீன் துகள்களோடு நான்கு கரிம மாசுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, பாசிக்கும் நீர்ப்பூச்சிக்கும் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். ஃபினான்த்ரீன் என்ற பொருளின் பெரும்பகுதி துகளில் ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்டால் ஆபத்து குறைய வேண்டும் அல்லவா? பாசிக்கு அதன் விஷத்தன்மை கூடியது! அதே துகள்களோடு பென்டாகுளோரோஃபினால் சேர்ந்தபோது விஷத்தன்மை குறைந்தது. ஒரே துகள், ஒன்றுக்குக் கவசம், இன்னொன்றுக்குக் குதிரை.

பிளாஸ்டிக் துகள்கள் பற்றியும் இப்படி ஒரு பயம் உண்டு. 2001-இல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள், கடலில் மிதந்த பிளாஸ்டிக் குருணைகளில் பி.சி.பி. போன்ற விஷங்கள் சுற்றியிருக்கும் கடல்நீரைவிட லட்சம் மடங்குக்கு மேல் செறிந்திருப்பதைக் காட்டினார்கள். ஆனால் 2016-இல் கூல்மன்ஸ் முதலியோர் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்து, கடல் உயிர்களுக்கு விஷம் பெரும்பாலும் அவற்றின் வழக்கமான இரை மூலமாகத்தான் போகிறது, பிளாஸ்டிக் சுமந்து வருவது ஒப்பீட்டில் குறைவு என்றார்கள். ஏறிப்போவது உண்மை, எவ்வளவு என்பதை அளந்துதான் சொல்ல வேண்டும்.

சரி, இதெல்லாம் நமக்கு எதற்கு?

இப்போது உலகம் கவலைப்படுவது ஃப்ளோரின் ஏற்றிய பி.எஃப்.ஏ.எஸ். என்ற குடும்பத்தைப் பற்றி. ஒட்டாத தோசைக்கல், தீயணைப்பு நுரை, நீர் ஒட்டாத துணி எல்லாவற்றிலும் இது புகுந்திருக்கிறது. 2024 ஏப்ரலில் அமெரிக்கா இதில் முக்கியமான இரண்டு பொருள்களுக்குக் குடிநீரில் லிட்டருக்கு 4 நானோகிராம் என்று உச்ச அளவு வைத்தது. கார்பன் - ஃப்ளோரின் பிணைப்பு, குளோரின் பிணைப்பைவிடப் பலமானது. குளோரினைக் கழற்றிய இரும்பு இங்கே சுலபத்தில் ஜெயிப்பதில்லை. அதனால் மறுபடியும் கரியில் ஒட்டவைத்துப் பிடிக்கிறோம். பிடித்த கரியை என்ன செய்வது? எரிப்பதா, புதைப்பதா? 1980-களில் நின்ற அதே இடத்தில் மறுபடி நிற்கிறோம்.

வரலாற்றைப் படிப்பதில் இருக்கும் லாபம் இதுதான். ஒவ்வொரு தலைமுறையும் "தண்ணீரிலிருந்து போய்விட்டது" என்ற ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் சந்தோஷப்பட்டது. காற்றை ஊதியவர்கள், கரியில் பிடித்தவர்கள், இரும்பைப் புதைத்தவர்கள், எல்லோரும். அந்தச் சந்தோஷத்தில் நின்றுவிடாமல் "போனது எங்கே?" என்று இன்னொரு கேள்வி கேட்டவர்களால்தான் அறிவு அடுத்த படிக்குப் போனது. கில்ஹாம் குழு குழாயிடம் கேட்டது. ஹென்றி குழு மீனின் பக்கத்தில் இருந்த கரைப்பானிடம் கேட்டது. ஐ.ஐ.டி. குழு தன் கண்டுபிடிப்பிடமே கேட்டது. இந்த மூன்றாவதுதான் இருப்பதிலேயே கஷ்டம்.

நாளைக்கு உங்கள் ஊர் ஏரிக்கோ, சாயக்கழிவு ஓடும் வாய்க்காலுக்கோ யாராவது ஒரு நானோ பொடியைக் கொண்டு வந்து "ஒரே வாரத்தில் சுத்தம்" என்று சொன்னால், வேண்டாம் என்று விரட்டவும் வேண்டாம், உடனே கைதட்டவும் வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள். விஷம் உடைகிறதென்றால் என்னவாக உடைகிறது? ஒட்டுகிறதென்றால் ஒட்டிய பொடியை யார் எடுப்பார்கள், எங்கே வைப்பார்கள்? தண்ணீரோடு ஓடுகிறதென்றால் கீழே இருக்கும் ஊருக்கு என்ன சேரும்? இந்த மூன்றுக்கும் ஆய்வுக்கூடத் தண்ணீரில் இல்லாமல் அந்த ஏரித் தண்ணீரிலேயே சோதித்த பதில் இருந்தால், தாராளமாகப் போடச் சொல்லலாம்.

கெமிஸ்ட்ரி நண்பர்கள் யாராவது இதில் இன்னும் சேர்க்க விஷயம் இருந்தால் சொல்லுங்கள்.